மாவிளை கிராசிங்

பாறசாலை ஈசாக் சர்வே அலுவலகத்தில் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். பத்தொன்பது வருடமாகப் பழைய ரயில் கால அட்டவணைகளைச் சேர்த்து, மறைந்துபோன நிலையங்களைத் தேடி வந்தார். 1983 அட்டவணையில் மட்டும் மாவிளை என்றொரு பெயர் இருந்தது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வந்த வண்டிகள் அங்கேதான் ஒதுங்கி வழிவிட்டிருக்கின்றன. அடுத்த வருடம் அந்தப் பெயரே இல்லை. கிலோமீட்டர் கணக்கை வைத்து, தனுவச்சபுரத்துக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் அதை அவர் குறித்திருந்தார்.

பெருங்கடவிளை உமேஷுக்கு முப்பத்தாறு வயது. அவனுக்கு இந்தப் பித்துப் பிடித்து இரண்டு வருடம்தான். ரயில் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் எழுதினான்: "ஈசாக் சார் குறிச்ச இடம் தப்பு. புத்தகத்துல கிலோமீட்டர முழு எண்ணாக்கிப் போட்டிருக்கு. வண்டி ஓடுன நேரத்த வச்சுப் பாத்தா, ஸ்டேஷன் வடக்கே, கால்வாய்ப் பக்கமாக்கும்."

நாற்பது பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். ஈசாக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அவன் சொன்னதுதான் சரி. வயிறு எரிந்தது.

மறுநாள் உமேஷ் வீட்டுக்கே வந்தான்.

"சாறே, அந்த வருஷத்து அட்டவணைக்கு ஒரு திருத்தச் சீட்டு வந்ததாக் கேள்வி. உங்க கையில உண்டா?"

"இல்ல மக்கா."

அவன் போனதும் மனைவி விமலகுமாரி கேட்டார்: "அலமாரியில இருக்கது பின்ன என்னவாக்கும்?"

"அவன் தேடுனது ரெண்டு வருஷம். நான் பத்தொன்பது."

"அதுக்குப் பொய் சொல்லணுமா?"

ஈசாக் போய் அலமாரியைத் திறந்தார். எடுத்து ஒழுங்காகப் படித்ததே இல்லாத அந்தச் சீட்டை அன்றுதான் பிரித்தார். அதில் மாவிளையின் தூரம் தசமப் புள்ளியோடு இருந்தது. கால்வாய்ப் பக்கமேதான்.

விடிந்ததும் வெட்டுக்கத்தியோடு ஸ்கூட்டரில் கிளம்பினார். உமேஷுக்கு முன்னால் போய்விட வேண்டும். ஒரு மணி நேரம் புதரை வெட்டியபின், வரிசையாக வெட்டுகற்கள் தெரிந்தன. பிளாட்ஃபாரத்தின் விளிம்பு. விமலகுமாரியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார்.

"சரி, வெயிலுக்கு முன்ன வந்து சேருங்க" என்றார் அவர்.

ஈசாக் கல்மேல் உட்கார்ந்தார். இதன் அருமை புரிந்து துள்ளிக் குதிக்கக்கூடியவன் ஊரில் ஒருத்தன்தான் இருந்தான். வெகுநேரம் போனைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு, கடைசியில் அழைத்தார்.

"கல்லு கெடச்சாச்சு. வா."

"தோ வாறேன் சாறே!"

உமேஷ் வந்ததும் சீட்டை நீட்டினார். "நேத்து இல்லண்ணு சொன்னது பொய்."

அவன் படித்தான். முகம் கறுத்தது. "நேத்தே தந்திருந்தா ரெண்டு பேருமாச் சேந்து வந்திருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கற்களைத் தடவியபடி நடந்தான். பத்தடி தள்ளி, வெட்டிக் குவித்த செடிகளை விலக்கிக் குனிந்தவன் கத்தினான்: "சாறே! இங்க பேருப் பலகை கெடக்கு! மலையாளத்துல 'மாவி' வரைக்கும் தெரியுது!"

ஒரு மணி நேரம் அதன்மேல்தான் ஈசாக் வெட்டிய செடிகளைக் குவித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் வயிறு எரிந்தது. எழுந்து போய் அவனருகே மண்டியிட்டார்.

"நீங்கு மக்கா. மிச்சத்த நான் தோண்டுதேன்."