ஒரு விரலுக்கு ஓடும் ஜன்னல்

சுஃப்யான் படகின் மூக்கில் கயிற்றைக் கட்டி, இழுப்பதற்கு ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டபோதுதான், விடிந்ததிலிருந்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த சபுரா முதன்முதலாகப் பேசினாள்.

"அத இழுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

கூடத்தில் அவளைச் சுற்றி இருபது பெண்கள் இருந்தார்கள். உள்ளறையில் புருஷனின் மய்யித்து கிடக்கிறது, இவள் என்னடாவென்றால் படகைப் பற்றிப் பேசுகிறாள். ஒருத்தி அவள் தலை முக்காட்டைச் சரிசெய்துவிட்டாள். மகள் ரிஃபத் எழுந்துபோய்ச் சித்தப்பாவிடம் சொன்னாள். சுஃப்யான் ஜன்னலோரம் வந்து, உள்ளே பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு பேசினார்.

"மச்சி, மய்யித்து வெச்ச சந்தூக்க இந்த வழியாத்தானுங்க தூக்கிட்டுப் போகோணும். இது குறுக்க நிக்குது. ரெண்டடி தள்ளிப்போட்டாப் போதுமுங்க."

"தள்ளுனா ஃபிரேம் கோணிக்குமுங்க. ஜன்னல் மறுபடியும் மாட்டிக்கும்."

அண்ணன் பேசுகிற பேச்சை அண்ணன் மனைவி அப்படியே பேசினால் கொழுந்தன் என்னதான் செய்வார்? நல்லவேளையாக மகன் தல்ஹா டேப்பை எடுத்துக்கொண்டு வந்தான். படகுக்கும் சந்துப்பக்கத்துச் சுவருக்கும் நடுவில் அளந்தான்.

"அந்தப் பக்கமாச் சுத்திப் போனா எடம் பத்துமுங்க சச்சா. விடுங்க."

"சரி, இன்னிக்குப் போகட்டும். நாளைக்கு கிரேன் வரச் சொல்லி எடுத்துப்போடுறேன். மூணு நாளைக்கு சனம் வந்துட்டுப் போகோணுமல்ல" என்றபடி சுஃப்யான் கயிற்றை அவிழ்த்தார்.

குனியமுத்தூரில் அந்தச் சந்துக்குப் 'படகு சந்து' என்று பேராகி நான்கு வருடம் ஆகிறது. சபுராவின் புருஷன் அப்துல் கையூம் உக்கடத்தில் பழைய சாமான் கடை வைத்திருந்தவர். ஏதோ ஒரு அணையில் சவாரி விட்டுக் கழித்த கேபின் படகை ஏலத்தில் எடுத்துவந்தார். இன்ஜினை விற்றார், ஸ்டீயரிங்கை விற்றார், மிச்சத்தை உடைத்து விற்க மனசு வரவில்லை. சமையற்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் நான்கு லாரி டயரின் மேல் அதை ஏற்றி வைத்தார். வெள்ளம் வந்தால் நாம் மட்டும் தப்பிப்போம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அந்தப் பகுதியில் குழாயில் தண்ணீரே பத்து நாளைக்கு ஒரு தடவைதான் வரும்.

படகின் கேபின் ஜன்னலும் சமையற்கட்டு ஜன்னலும் நேருக்கு நேராக, கை எட்டும் தூரத்தில் அமைந்துவிட்டன. அவர் அப்படித்தான் அளந்து நிறுத்தினாரோ என்று சபுராவுக்கு ஒரு சந்தேகம் உண்டு. தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து வந்து கேபினில் உட்காருவார். படகின் கண்ணாடியைத் தள்ளுவார். இவள் கம்பிக்கு நடுவே டீ தம்ளரை நீட்டுவாள். பிறகு இவள் வெங்காயம் உரிப்பாள், அவர் ஊர்க்கதை சொல்வார். முப்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்த நான்கு வருடத்தில்தான்.

போன மழைக்குப் படகு ஜன்னல் இறுகிக்கொண்டது. ஆளைக் கூப்பிட்டால் அரைமணி நேர வேலை. கையூம் ஆளைக் கூப்பிடுகிற ஜாதியில்லை. கண்ணாடி ஓடுகிற சேனலுக்குள் இருந்த பழைய மெத்துப்பட்டை மக்கிப்போனதைக் கண்டுபிடித்தார். சபுரா பீரோவில் பத்திரப்படுத்தி வைத்திருந்த சென்னிமலைப் போர்வையின் ஓரத்தை நீளமாக வெட்டி அதற்குள் ஒட்டினார். மூன்று நாள் வழுக்கிக்கொண்டு போனது. நாலாம் நாள் தூறல் விழுந்ததும் போர்வைத் துணி ஊறிப் பருத்து, கண்ணாடியைக் கவ்விப் பிடித்துக்கொண்டது.

சபுரா போர்வைக்காக ஒரு வாரம் ஏசினாள். ஏசி முடித்தபின் பாவமாக இருந்தது. அவர் கடைக்குப் போன நேரத்தில் காங்கேயத்துத் தேங்காய் எண்ணெயை ஒரு கரண்டி எடுத்துப் போய், சமையற்கட்டு ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சேனலில் ஊற்றிவிட்டு வந்தாள். உபகாரம் செய்கிற நினைப்புதான். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறையும் என்பது தினம் பாட்டிலை வெயிலில் வைக்கிற அவளுக்குத் தெரியாததா? அந்த நேரத்தில் நினைவு வரவில்லை. மரத்தூளும் புழுதியும் சேர்ந்து, எண்ணெய் கெட்டி மெழுகாகி, ஜன்னல் சுவரோடு சுவராக நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு கையூம் ஒரு மாதம் அந்த ஜன்னலோடு மல்லுக்கட்டினார். பழைய பல் விளக்கும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் முக்கித் தேய்த்துத் தேய்த்து அழுக்கை வெளியே எடுத்தார். விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"எந்த மகராசனோ தேங்காய் எண்ணெய் ஊத்தியிருக்கான் சபுரா. பொரியல் பண்ணப் பாத்திருப்பான் போல."

சபுரா வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாள். நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

நேற்று சாயங்காலம் வேலை முடிந்தது. பிளாஸ்டிக் பட்டை, மழைத்தண்ணீர் வடிய அடியில் இரண்டு ஓட்டை, சேனல் நெடுகத் தேய்த்த மெழுகுவர்த்தி.

"வா அம்மணி, வந்து ஒரு விரல்ல தள்ளிப் பாரு. ஒரே விரல்."

"கையெல்லாம் மாவா இருக்குதுங்க. நாளைக்குப் பாக்கறேன்."

"சரி, ஜன்னல் எங்க போயிரப் போகுது" என்று அதை மூடிவிட்டு இறங்கி வந்தார்.

இன்று காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து நெஞ்சு என்னவோ பண்ணுகிறது என்றார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எதிர்வீட்டுக் காளியாத்தாள் பிளாஸ்க்கோடு வந்தாள். "ஒரு வாய் குடிச்சுக்க அம்மணி. பச்சைத்தண்ணி கூடப் பல்லுல படல." சபுரா தம்ளரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அது ஆறிக்கொண்டிருந்தது.

ரிஃபத் அவள் தோளில் சாய்ந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"போன வாரம் அத்தா போன்ல பேசுனாங்கம்மா. ஜன்னல் கதையத்தான். உங்கம்மா எண்ணெய ஊத்திப்போட்டு ஒண்ணுந்தெரியாதவளாட்ட நிக்கிறா, நீ கேட்டு வெக்காதேன்னாங்க. அவளா சொல்லட்டும், சொல்லும்போது அவ மூஞ்சியப் பாக்கோணும்னு ஒரே சிரிப்பு."

சபுரா மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தம்ளரைப் பார்த்தாள். அந்த மனுஷன் ஒரு மாதமாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்கு வந்த அழுகையில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

மதியம் ளுஹர் தொழுகைக்கு முன் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். தாடியில் அத்தர் மணந்தது. வலது கைக் கட்டைவிரல் நகத்துக்கடியில் நேற்றுவரை இருந்த கறுப்பு அழுக்கைக் குளிப்பாட்டியவர்கள் எடுத்திருப்பார்களா என்று நினைத்தாள். கை துணிக்குள் இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லக் குனிந்தாள். சுற்றிலும் அத்தனை பேர். "போதும்மா, நேரமாச்சு" என்று யாரோ அவளை மெல்ல விலக்கினார்கள்.

ஆண்கள் சந்தூக்கைத் தூக்கினார்கள். கலிமா சத்தம் வாசலைத் தாண்டியது. பெண்கள் எல்லாரும் வாசல் திரைப்பக்கம் நெருக்கினார்கள். இனி நாலு மாதம் பத்து நாள் அவள் வெளியே போகாமல் இருக்க வேண்டிய இத்தா, இந்த வீடுதான். நாளைக்குக் கிரேன் வந்துவிடும். சபுரா திரும்பிச் சமையற்கட்டுக்குள் போனாள்.

அடுப்பு மூட்டாத சமையற்கட்டில் ஒருவரும் இல்லை. நேற்றைய மாவுச் சட்டி மூடியபடியே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே படகு, வழக்கம்போல் சந்து முழுவதையும் மறைத்துக்கொண்டு நின்றது.

கம்பிக்கு நடுவே கையை நீட்டினாள். சுண்டுவிரலைக் கண்ணாடியின் ஓரத்தில் வைத்தாள். பயமாக இருந்தது. தள்ளினாள்.

சத்தமே இல்லாமல் ஓடிப்போய் அந்தக் கோடியில் நின்றது.

படகுக்குள் அவருடைய பிளாஸ்டிக் நாற்காலி, பல் பிரஷ், பாதி தேய்ந்த மெழுகுவர்த்தி. அதற்கும் அப்பால், ஏலத்தில் எடுத்தபோதே கண்ணாடி இல்லாமலிருந்த மறுபக்கத்து ஜன்னல் வழியாகச் சந்து தெரிந்தது. தொப்பிகள் தெரிந்தன. தல்ஹாவின் தோள் தெரிந்தது. தோளின் மேல் பச்சைத் துணி போர்த்திய சந்தூக், படகைச் சுற்றிக்கொண்டு, அவசரமில்லாமல் அந்தச் சட்டத்துக்குள் வந்தது.

"நல்லாத்தான் ஓடுதுங்க" என்றாள் சபுரா, டீ கொடுக்கும்போது பேசுகிற குரலில். "எண்ணெய் ஊத்துனது நான்தானுங்க."

சந்தூக் சட்டத்தைக் கடந்துபோனது. பின்னால் வந்தவர்களும் போனார்கள். சந்து காலியானது.

கூடத்திலிருந்து ரிஃபத் கூப்பிட்டாள். "வாரேன் கண்ணு" என்றபடி சபுரா ஒரு விரலால் கண்ணாடியை இழுத்து மூடினாள். முழுக்க மூடவில்லை. ஒரு தம்ளர் போகிற அளவுக்கு விட்டுவைத்தாள்.