மெதுவாக ஒரு தடவை

திரையில், கடைசித் திருப்பத்தில் மாமாவின் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. மற்றவர்கள் பார்த்திருந்தால், அடுத்த கூம்பு எங்கே என்று எட்டிப் பார்க்கிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் பழக்கதோஷம், அவள் கை தானாகக் குமிழைப் பின்னால் திருப்பி அந்தக் காட்சியை மறுபடியும் மெதுவாக ஓட்டியது. கண்கள் மூடியிருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. விமானத்தின் பிடியில் இருந்த கை தளர்ந்து, நழுவி, மடியில் விழுந்தது. அது விழுந்ததால்தான் விமானம் தானாக நேரானது. நேரானதால்தான் திருப்பத்தின் வேகத்தில் காலுக்கு இறங்கிய ரத்தம் மறுபடி தலைக்கு ஏறியது. தூக்கத்தில் பேருந்து நிறுத்தத்தைத் தவறவிட்டவர்போல அவர் திடுக்கிட்டு நிமிர்ந்து பிடியைப் பற்றினார். அதற்குள் அடுத்த கூம்புகளுக்கு நடுவே விமானம் புகுந்து போயிருந்தது. கரையில் இருந்த கூட்டம் கைதட்டியது.

இடமும் வலமும் பார்த்தாள். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்த ஒளிபரப்பு வண்டிக்குள் யாருக்கும் அடுத்தவர் திரையைப் பார்க்க நேரம் இருந்ததில்லை. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே எப்போதும் இருட்டும் குளிரும்தான். சுவர் முழுக்கத் திரைகள். நீர்த்தேக்கத்தின் மேல் மிதக்கும் காற்றடைத்த கூம்புகளுக்கு நடுவே விமானங்கள் ஒவ்வொன்றாகப் பறந்து, புரண்டு, திரும்பி, நேரத்தோடு பந்தயம் போடும். பறப்பது முடிந்ததும் நடந்ததை மெதுவாகத் திருப்பிக் காட்டுவது அவள் வேலை. இறக்கை கூம்பை உரசியதா, கோணம் தப்பியதா என்று ஊர் உலகம் தெரிந்துகொள்வது அவள் குமிழைத் திருப்பும்போதுதான். எதையும் மெதுவாக்கிவிடுவதால் அவளுக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள். பல வருடமாக அவளோடு வேலை பார்க்கும் டைரக்டர், அவள் எடுத்து வைப்பதை முன்கூட்டிப் பார்ப்பதுகூட இல்லை. ஆமை என்று குரல் கொடுப்பார், அவள் அனுப்புவது நேராக ஒளிபரப்பாகிவிடும். வீடுகளில் இருக்கும் தொலைக்காட்சியிலும், கரையில் நிறுத்தியிருக்கும் ராட்சதத் திரையிலும், போட்டியாளர்களின் குடும்பங்கள் உட்காரும் கூடாரத்திலும் ஒரே நேரத்தில் தெரியும்.

"ஆமை, அந்தக் கடைசித் திருப்பம். மெதுவா ஒரு தடவ."

விமானத்துக்குள் இருந்த கேமராவின் படம் அவள் விரல் நுனியில் இருந்தது. அவள் கரைக் கேமராவின் படத்தை அனுப்பினாள். வெள்ளை விமானம் வெயிலில் மின்னியபடி அழகாகப் புரண்டது. "பாருங்க, அந்த இடத்துல எப்படி லேசா விட்டுப் பிடிக்கிறாரு! அனுபவம்னா இதுதான்!" என்று வர்ணனையாளர் உருகினார். வேறொரு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அவர் அவளுடைய அக்காவின் கணவர். அப்பா போன பிறகு பள்ளிக்கூடப் பையும் ஒரு பெட்டியுமாக அக்கா வீட்டுக்கு வந்தவளை, ஒரு வார்த்தை சொல்லாமல், முகம் சுளிக்காமல் சேர்த்துக்கொண்டவர். தலைவாரிப் பின்னல் போடத் தெரியாமல் போட்டுவிட்டு, அந்தக் கோணல் பின்னலோடேயே அவளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவர். படித்து முடித்து வேலையில்லாமல் இருந்தவளை இந்த டைரக்டரிடம் அழைத்து வந்து, "இவளுக்குக் கண்ணு ரொம்பக் கூர்மை சார், எதுவும் தப்பாது" என்று சொன்னவரும் அவர்தான். அந்தக் கண்ணைப் பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று இப்போது அவளுக்குத் தோன்றியது.

இடைவேளை விட்டதும் அவள் விமானங்கள் நிற்கும் கொட்டகைக்குப் போனாள். மாமா கழுத்தில் ஈரத்துண்டோடு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மெக்கானிக் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் நகரும்வரை அவள் காத்திருந்தாள்.

"மாமா, காலைல அந்தக் கடைசித் திருப்பத்துல என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு? நல்லாத்தானே வந்தேன்."

"கண்ண மூடிட்டீங்க."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"யார் யார் பார்த்தாங்க?"

"நான்தான்."

"நீ மட்டும்தானே?"

அந்தக் கேள்வியோடு வெளியே வந்த நிம்மதிப் பெருமூச்சு அவளைச் சுட்டது. மயங்கிப் போனதை விட, பார்த்தது அவள் மட்டும்தான் என்பது அவருக்குப் பெரிதாக இருந்தது.

"ராத்திரி சரியாத் தூக்கம் இல்லம்மா. வேற ஒண்ணும் இல்ல. பெருசு பண்ணாத."

"மேல போய் மறுபடி அப்படி ஆச்சுன்னா?"

"ஆகாது. இன்னைக்கு ஒரு நாள் விட்டுடு. சாயங்காலம் முடிஞ்சதும் நானே இந்தப் பறக்கற வேலைக்கே ஒரு கும்பிடு போட்டுட்டு இறங்கிடறேன். உன் மேல சத்தியம்." சின்ன வயதில் அவளைச் சமாதானப்படுத்தும் அதே சிரிப்பைச் சிரித்தார். "எனக்காக ஒரே ஒரு தடவ வேகமா ஓட்டிவிடேன், ஆமை."

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். சத்தியத்தை நம்பினாளா என்று கேட்டால், அரை மனதாக நம்பினாள். நம்பாவிட்டால் வேறு எதையாவது செய்ய வேண்டியிருக்கும், அதற்கு அவளிடம் தெம்பு இல்லை.

குடும்பக் கூடாரத்தின் பின்பக்கம் அக்கா நின்றிருந்தாள். அவள் வானத்தைப் பார்ப்பதே இல்லை. அண்ணாந்தால் தலை சுற்றுகிறது என்பாள். கல்யாணமான நாளிலிருந்து கணவர் பறப்பதைக் கூடாரத்துத் தொலைக்காட்சியில் மட்டும்தான் பார்ப்பாள், அதுவும் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு. தங்கை இந்த வேலைக்கு வந்த பிறகு, யாரும் சொல்லாமலே ஒரு வழக்கம் வந்துவிட்டது. மாமா பறந்து முடித்த பிறகு காட்டும் முதல் காட்சியில் ஒரு நொடியாவது இவள் அவர் முகத்தைச் சேர்த்துவிடுவாள். முடிந்தது, இனி கண்ணைத் திறக்கலாம் என்று அக்காவுக்கு அது தகவல்.

"காலைல ஏன்டி அவர் முகத்தக் காட்டல?"

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். கேமரா சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். அக்கா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"மயங்கிட்டாரா?"

"உனக்கு எப்படிக்கா..."

"மாடிப்படில ஒரு நாள் செவத்தப் பிடிச்சிக்கிட்டு அப்படியே நின்னாரு. கேட்டா செருப்பு வழுக்கிடுச்சாம். வெறுங்காலோட நின்னுக்கிட்டு சொல்றாரு." அக்கா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "போட்டி டாக்டர்கிட்ட போய் அழாத குறையாச் சொன்னேன். அவர் இவரக் கூப்பிட்டுக் கேட்டாரு. இவர் சிரிச்சுப் பேசி, கையக் குலுக்கிட்டு வந்துட்டாரு. பொண்டாட்டிங்க பயப்படத்தானே செய்வாங்கன்னு ரெண்டு பேருமா எனக்கு ஆறுதல் சொன்னாங்க."

"படத்த டாக்டர்கிட்ட தனியாக் காட்டட்டுமா?"

"தனியாக் காட்டினா தனியாவே பேசி முடிச்சிடுவாங்க. அவர் மூஞ்சியப் போட்டு எத்தன விளம்பரம் ஓடுது, பார்க்கலியா நீ?" அக்கா அவள் கையைப் பிடித்தாள். அக்காவின் கை ஜில்லென்று இருந்தது. "எல்லாரும் பார்க்கற மாதிரி போடுடி. ஒருத்தரும் இல்லன்னு சொல்ல முடியாத மாதிரி."

"அப்புறம் மாமா என் மூஞ்சிலயே முழிக்க மாட்டாருக்கா."

"மாட்டாரு. என்கிட்டயும் பேச மாட்டாரு. பேசாம இருக்கட்டும். வீட்ல இருந்துக்கிட்டுப் பேசாம இருக்கட்டும்."

இடைவேளை முடிந்தது. மாமாவின் முறை வருவதற்கு முன்னால் டைரக்டரே வாய்ப்பைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். "அடுத்தது நம்ம பெரியவர். காலைல அவர் பறந்ததுல நல்லதா ஏதாவது போடு." இப்போது போட்டால் அவரை மேலே விடமாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும். அந்தக் கோணல் பின்னல் ஞாபகத்துக்கு வந்தது, உன் மேல சத்தியம் என்ற வார்த்தையும் வந்தது. அவள் கை, விமானம் ஓடுபாதையில் கிளம்பும் காட்சியை எடுத்து அனுப்பியது. கோழை, கோழை என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு விமானத்துக்குள் இருக்கும் கேமராவையே பார்த்தாள்.

அவர் பறந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் கன்னங்கள் கீழே இழுபட்டு, கண்ணுக்கடியில் தோல் தொங்கி, அவர் முகம் கிழவர் முகமாக மாறியது. நேராகப் பறக்கும்போது மறுபடி மாமா ஆனது. கடைசித் திருப்பம் வந்தபோது அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். கண் மூடவில்லை. கை நழுவவில்லை. எல்லையைத் தாண்டியதும் வண்டிக்குள் யாரோ விசில் அடித்தார்கள். அன்றைக்கு அதுவரை யாரும் அத்தனை வேகமாக முடித்திருக்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தப்பித்தோம் என்று மனசு துள்ளியது. இனி யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டாம், அவரே இறங்கிவிடுவார், அக்கா இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவாள்.

இறங்கியவரைச் சுற்றிக் கூட்டம் கூடியது. பேட்டி எடுக்கும் பெண் மைக்கை நீட்டினாள். "இவ்வளவு வருஷம் ஆச்சு, இன்னும் எத்தன நாள் சார் பறப்பீங்க?" என்று கேட்டாள்.

மாமா தலைக்கவசத்தை இடுக்கிக்கொண்டு, சிரித்தபடி, நேராகக் கேமராவைப் பார்த்தார். முகம் பளபளத்தது. அத்தனை சந்தோஷமாக அவரைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"எதுக்கு நிறுத்தணும்? அடுத்த வருஷமும் வருவேன், அதுக்கடுத்த வருஷமும் வருவேன். என்னை மேலேருந்து இறக்க இன்னும் ஆள் பொறக்கல."

கூட்டம் ஆரவாரம் செய்தது. அவர் அவளை ஏமாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. அவள் ஞாபகமே அவருக்கு அப்போது இல்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது. சாயங்காலச் சத்தியம் சாயங்காலத்துக்கே தாங்கவில்லை. இந்த மனிதர் தாமாக இறங்கப்போவதில்லை, ஒரு நாள் தண்ணீரிலிருந்துதான் இவரை எடுக்க வேண்டியிருக்கும். அப்போதும் டைரக்டர் கூப்பிடுவார், அப்போதும் அவள்தான் அதை மெதுவாக ஓட்டிக் காட்ட வேண்டும்.

"ஆமை, பெரியவர் முகம் இருந்தாக் குடு," என்றார் டைரக்டர், அடுத்த விமானத்தின் குறிப்பில் கண்ணை வைத்தபடி. "மெதுவா ஒரு தடவ."

அவள் காலையில் அவர் மயங்கிய காட்சியை எடுத்தாள். குமிழை எவ்வளவு மெதுவாகத் திருப்ப முடியுமோ அவ்வளவு மெதுவாகத் திருப்பினாள்.

முதலில் வர்ணனையாளர் வழக்கம்போல ஏதோ பாராட்ட ஆரம்பித்தார். பாதியில் அவர் குரல் நின்றது. காதில் மாட்டியிருந்த கருவியில் கரையின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, கொடி படபடக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னம்மா இது?" என்றார் டைரக்டர், முதன்முறையாக அவள் பக்கம் திரும்பி. "ஆமை, என்ன இது?"

அவர் கை படத்தை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. அழுத்தாமல் அங்கேயே நின்றது.

கூடாரத்தில் அக்கா இந்நேரம் கண்ணைத் திறந்திருப்பாள் என்று அவள் நினைத்தாள். வண்டிச் சுவரின் கீழ்த்திரையில், கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தியிருந்த மாமா, எல்லோரும் எங்கே பார்க்கிறார்கள் என்று புரியாமல் மெல்லத் திரும்பி, ராட்சதத் திரையை அண்ணாந்து பார்த்தார். மேல்திரையில் அவருடைய தலை தோள்மேல் சாய்ந்துகொண்டிருந்தது. கண்கள் மூடிக்கொண்டன. பிடியிலிருந்து ஒவ்வொரு விரலாக விலகி, அந்தக் கை மடியை நோக்கி விழுந்துகொண்டே இருந்தது. கீழே, உயர்த்திய கையை இறக்க மறந்து அவர் நின்றுகொண்டிருந்தார்.