இடது மூக்கில் தலையணை

காலையில் பல் தேய்த்தேன். சவரம் செய்தேன். இரண்டு கோப்பை டீ போட்டேன். இரண்டாவதை அத்தை குடித்தார். விமான நிலையத்துக்குப் போய்ச் சரக்குக் கொட்டகையைத் திறந்தேன். விமானத்தைச் சுற்றி வந்து டயர், எண்ணெய், இறக்கை பார்த்தேன். கடைசியாக இரண்டு இன்ஜின்களின் மூக்கிலிருந்தும் தலையணைகளை உருவினேன்.

இன்ஜினுக்குக் காற்று போகும் துளையில் குருவி கூடு கட்டாமலிருக்க ராத்திரி எதையாவது அடைத்து வைக்க வேண்டும். அதற்கு அத்தை தைத்த தலையணைகள். ஓரத்தில் லேஸ், நடுவில் ரோஜாப்பூ. பஞ்சு அடைப்பதில் அவருக்கு இரக்கமே கிடையாது. செங்கல் தோற்றுவிடும். கண்ணில் படுவதற்காக நான் கட்டிய சிவப்பு நாடாவை, ‘வால் மாதிரி தொங்குது’ என்று கத்தரித்துவிட்டார்.

என் மனைவி இறந்த பிறகு எனக்குச் சமைத்துப் போட வந்தவர். இன்று மகன் வீட்டுக்குத் திரும்புகிறார். என் சரக்கும் அந்த ஊருக்குத்தான். பின்னால் பெட்டி பெட்டியாகக் கோழிக்குஞ்சுகள். பக்கத்து இருக்கையில் அத்தை. சரக்குக் கணக்கு பார்த்த என் மனைவி உட்காரும் இருக்கை.

மேலே ஏறியதும் ஆரம்பித்தார்.

“இன்னிக்காவது சொல்லுங்க மாப்பிள்ளை. என் பொண்ணு கடைசியா என்ன சொன்னா? நான் ஆஸ்பத்திரி வாசல்ல டீ வாங்கப் போன நேரமாப் பாத்துப் போயிட்டா.”

“ஒண்ணும் சொல்லலை அத்தை.”

“யாரு, அவளா? தூக்கத்துலகூடப் பேசுவா.”

இடது இன்ஜின் இருமியது. சூடு காட்டும் முள் சிவப்பைத் தாண்டி நின்றது. உள்ளே ஏதோ உடைந்தது. இறக்கைமேல் எண்ணெய் வழிந்தது. விமானம் இடப்பக்கம் இழுக்க, வலது காலால் பெடலை மிதித்து நேராக்கினேன்.

இந்த மாதிரி நேரத்தில் பதறிப்போய் நல்ல இன்ஜினை அணைத்தவர்கள் உண்டு. அதனால் எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் செத்தது என்று பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரும் சரி என்ற பிறகே அணைப்பது எங்கள் வழக்கம்.

“இடது போச்சு. இடதை அணைக்கிறேன். பாத்துச் சரின்னு சொல்லுங்க அத்தை.”

“இடது எது மாப்பிள்ளை?”

“கடிகாரம் கட்டுற கை!”

“அதைப் பெட்டியில வச்சிட்டேனே!”

“புகை வர்ற பக்கம்!”

“அதுவா? அதை அணைக்க என்னை எதுக்குக் கேக்குறீங்க?”

அணைத்தேன். விசிறி நின்றது. ரேடியோவில் விமான நிலைய டவரைக் கூப்பிட்டுத் திரும்பி வருவதாகச் சொன்னேன்.

“பின்னால என்ன சத்தம்?” என்றார் டவர்க்காரர்.

“கோழிக்குஞ்சு.”

“அதுக்கும் மேல ஒண்ணு கேக்குதே?”

“மாமியார்.”

“ரன்வே முழுக்க உங்களுக்குத்தான்,” என்றார்.

மிதித்து மிதித்து வலது கால் நடுங்கியது. “முட்டியை அமுக்குங்க அத்தை.”

இரண்டு கையாலும், பஞ்சு அடைப்பதைப்போலவே, அமுக்கினார். விமானம் வலப்பக்கம் திரும்பப் பார்த்தது.

“இவ்வளவு வேணாம்!”

“மாப்பிள்ளை, ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது.”

“இறங்கின பிறகு சொல்லுங்க.”

“இறங்காமப் போயிட்டா? நீங்க பாத்ரூம் போனப்ப அந்தப் பக்கத் தலையணையைத் திரும்பச் சொருகிட்டேன். ஒரே குளிரா இருந்துச்சா, அதுக்குச் சளி பிடிச்சிரும்னு...”

திட்ட நேரமில்லை. ரன்வே வந்துவிட்டது. ஒரு குதி, இன்னொரு குதி, பிறகு உருண்டோம். நின்றபோது கோழிக்குஞ்சுகள்கூட வாயை மூடிக்கொண்டிருந்தன.

இறங்கி இன்ஜின் மூடியைத் திறந்தேன். ஒரு சிலிண்டர் வெடித்திருந்தது. தலையணையை உருவி அத்தையிடம் கொடுத்தேன். கரியிலும் ரோஜாப்பூ தெரிந்தது. அதை அணைத்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே ஒரு பக்கம் அழுத்திப் பார்த்தார்.

“பஞ்சு மட்டும் அசையவே இல்லை, பாத்தீங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“என்ன சிரிப்பு?”

“அவ ஞாபகம் வந்துச்சு. கடைசியா ஒண்ணு சொன்னா அத்தை. கேட்டா வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்லலை.”

“ஒரு இன்ஜினையே கொன்னுட்டு நிக்கிறேன். இதுக்கு மேல என்ன வருத்தம்? சொல்லுங்க.”

சொன்னேன்.

“அம்மா டீயோட வர்றதுக்குள்ள இந்தத் தலையணையை உருவிடு. கழுத்து ஒடியுது.”