எஞ்சின் மறைக்காத ஒன்பது டிரம்

கண்ணுகளா, நீங்கள் தினமும் அடித்துப் பிடித்து ஏறுகிற இந்த மின்சார ரயில் முதன்முதலாக வந்த நாளின் கதை இது. அன்றைக்கு ஏற்பாடு செய்தவர்கள் எல்லோரும் படித்தவர்கள், அதை மட்டும் மறக்காமல் கேளுங்கள்.

அந்த ஸ்டேஷனில் ஒரு வழக்கம் இருந்தது. மேலிடத்திலிருந்து யாராவது பார்வையிட வருகிறார்கள் என்றால் குப்பையை அகற்ற மாட்டார்கள்; ஒளித்து வைப்பார்கள். ஒன்பது டிரம்மில் அடைத்து, பிளாட்பாரத்தின் முன்முனைக்கு உருட்டிக்கொண்டு போய் நிறுத்துவார்கள். குறுக்கே ஒரு நீலத் திரை. ரயில் வந்தால் அந்த இடத்துக்கு நேராக எஞ்சின் நிற்கும். எஞ்சினிலிருந்து எந்த அதிகாரி இறங்கப் போகிறார்? அவர் இருபத்தைந்து தப்படி பின்னால், முதல் பெட்டியிலிருந்து இறங்கி, மூக்கை மூடாமல் நடந்து போவார். "சுத்தமான ஸ்டேஷன்" என்று எழுதியும் கொடுப்பார்.

டிரம்களை உருட்டுகிறவள் அங்கே பெருக்குகிற பெண். பதினோரு வருடமாகத் தற்காலிகம். அவளை நிரந்தரமாக்கும் ஆர்டர் ஸ்டேஷன் மாஸ்டர் மேசைக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு கையெழுத்துதான் பாக்கி. அந்த மனிதருக்குப் பேனா எடுக்க மனம் வரவில்லை.

மந்திரியே ஏறி வந்து தொடங்கிவைக்கும் விழாவுக்கு முதல் நாள் புது ரயிலை வெறுமனே ஓட்டிப் பார்த்தார்கள். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. பார்த்தவள் துடைப்பத்தோடு நேராக மாஸ்டர் அறைக்குப் போனாள்.

"சார், இந்த ரயிலுக்கு முன்னாடி எஞ்சினே இல்ல. டிரைவர் முதல் பெட்டியிலயே உக்காந்திருக்காரு. கதவு நம்ம டிரம்முக்கு நேரா தொறக்குது."

மாஸ்டர் தலைமை அலுவலகம் அனுப்பிய வரைபடத்தை விரித்தார். பழைய வரைபடத்தில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தார்கள்.

"இதப் பாரு. எஞ்சின். அதுக்குப் பின்னாடி மந்திரி இறங்கற கதவு. கம்பளம் இங்க. சீல் வச்சிருக்கு, தெரியுதா?"

"படமா சார் நாளைக்கு ஓடி வரப் போகுது?"

"உனக்குப் பெருக்கத் தெரியும். ரயிலப் பத்தி நீ எனக்கு வகுப்பு எடுக்காத. நாளைக்குத் திரைக்குப் பின்னாடியே நில்லு. மந்திரி கண்ணுல பட்டேன்னு வச்சுக்க, அந்த ஆர்டர மறந்துடு."

வெளியே போர்ட்டர் பீடியை அணைத்துவிட்டுச் சிரித்தார். "விடு தங்கச்சி. எஞ்சின் இல்லன்னா நம்ம சார் போய் முன்னாடி நிப்பாரு. அந்த வயித்துக்கு ஒன்பது டிரம் மறையும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை கம்பளம், பேண்டு வாத்தியம், பூச்செண்டு, புகைப்படக்காரர்கள் எல்லாம் வரைபடத்தில் சொன்ன இடத்தில் சொன்னபடி இருந்தன. ரயில் வந்தது. மந்திரி முதல் பெட்டியின் முதல் கதவருகே கையசைத்தபடி கம்பளத்தைக் கடந்து போனார். பேண்டுக்காரர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வாசித்தார்கள். கம்பளத்துக்கு நேராக அதே பெட்டியின் கடைசிக் கதவு திறந்தது. மாஸ்டர் குனிந்த தலை நிமிராமல் பூச்செண்டை நீட்டினார். வாங்கியவர், வழியில் ரயில் நின்றுபோனால் சரிசெய்வதற்காக ஏற்றி வந்த மெக்கானிக்.

"எனக்கா சார்?" என்றார் அவர், எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு.

திரைக்கு அந்தப் பக்கம் மந்திரி இறங்கி நின்றார். எதிரே ஒன்பது டிரம். அவற்றின் நடுவில் துடைப்பத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒருத்தி.

"வரவேற்பு எங்கம்மா?"

"திரைக்கு அந்தப் பக்கம் ஐயா."

"நீ இங்க என்ன பண்றே?"

"உங்க கண்ணுல படாம நிக்கறேன் ஐயா."

மந்திரிக்கு ஒரு பழக்கம். எங்கே திரையைக் கண்டாலும் கயிற்றைத் தேடுவார். பாதி வாழ்க்கையைத் திறப்பு விழாக்களில் கயிறு இழுத்தே கழித்தவர். இழுத்தார். திரை விலகியது. கூட்டத்துக்கு முன்னால், நாடக மேடையில் நிற்பதுபோல், மந்திரியும் அவளும் குப்பையும். எது எதற்கென்று தெரியாமலே எல்லோரும் கை தட்டினார்கள். கேமராக்கள் மின்னின.

வெறுங்கையோடு மாஸ்டர் ஓடி வந்தார். மந்திரி தொண்டையைச் செருமினார். கேமரா முன்னால் வழி தவறியதாகக் காட்டிக்கொள்ள அவர் என்ன பைத்தியமா?

"இவங்களத்தான் முதல்ல பாக்கணும்னு இங்க வந்து இறங்கினேன். எத்தன வருஷம்மா வேலை?"

அவள் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டரின் கண் 'வாயைத் திறக்காதே' என்றது. கண்ணில் பட்டதுதான் பட்டாயிற்று, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"பதினோரு வருஷம் ஐயா. தற்காலிகமா. ஆர்டர் சார் மேசையில இருக்கு, சாருக்குத்தான் கையெழுத்துப் போட நேரம் கெடைக்கல."

போர்ட்டர் யாரும் சொல்லாமலே ஓடிப்போய்க் காகிதத்தை எடுத்து வந்தார். மாஸ்டர் நாலாவது டிரம்மின் மூடிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஐந்து மாதமாக வராத மை அன்றைக்கு நன்றாகவே வந்தது.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் படம் வந்தது. 'துப்புரவுப் பெண்ணைத் தேடிச் சென்ற எளிமை' என்று தலைப்பு. தலைமை அலுவலகம் அகமகிழ்ந்து போனது. ஒரே வாரத்தில் மீதி ஸ்டேஷன்களுக்குத் திருத்திய வரைபடம் போயிற்று: முன்முனையில் ஒரு நீலத் திரை, ஒன்பது டிரம், துடைப்பத்தோடு ஒரு பெண். கம்பளமும் எஞ்சினும் பழைய இடத்திலேயே இருந்தன.

அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் பதறிப்போய் இங்கே போன் செய்தார். மாஸ்டர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா... அவங்க தினமும் குப்பைய அள்ளிடறாங்களாம். ஒன்பது டிரம் தேறலையாம். நம்மகிட்டேர்ந்து ஒரு நாலு டிரம் அனுப்ப முடியுமான்னு கேக்கறாரு."

"எழுத்துல கேக்கச் சொல்லுங்க சார்," என்றாள் நிரந்தரக்காரி. "சீல் வச்சு."