தலையில் கை வைத்தால்

ஜெட் ஸ்கி ஓட்ட வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டேன் என்று என் தம்பி சொல்கிறான். "உனக்குத்தான் தண்ணின்னா உசுராச்சேக்கா" என்று காலையில் காபிக் கோப்பையோடு வந்து நின்றான். எனக்குத் தண்ணீர் பிடிக்கும் என்பது உண்மைதான். குடிக்க, குளிக்க, ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்க்க. அதன் மேல் மோட்டாரை வைத்து ஓட்டுகிற அளவுக்கு எங்களுக்குள் நெருக்கம் இருந்ததில்லை.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஒரே ஒரு டிக்கெட்.

"நீ வரலையா?"

"எனக்குக் காலையில ஒரு கால் இருக்குக்கா. கரையில இருந்தே பேசிக்கிட்டு, உன்னையும் பாத்துக்கறேன்."

ஊரில் எல்லோருக்கும் இரண்டு கால். இவனுக்கு மட்டும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, சாப்பிடும்போது ஒன்று. இந்த ஒரு வாரமும் அந்தக் கால்களுக்கு நடுவில்தான் நான் அவனோடு பேசினேன்.

நான் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அடுத்த மாதம் ஓய்வு. தம்பி இந்தக் கடலோர ஊரில் வீடு வாங்கியபோது போனில் சொன்னான்: "நீ ரிட்டயர் ஆனதும் இங்க வந்துடுக்கா. உனக்குன்னு ஒரு ரூம் வெச்சிருக்கேன்." சொல்லிச் சில வருடங்கள் ஆகின்றன. அந்த ஒரு வரியை நான் பத்திரமாக வைத்திருந்தேன். இப்போது லீவு போட்டு வந்தது கடலைப் பார்க்க இல்லை. அந்த வரி இன்னும் செல்லுபடியாகுமா என்று தெரிந்துகொள்ளத்தான்.

அந்த அறையை வந்த அன்றே பார்த்துவிட்டேன். நடக்கிற மெஷின் ஒன்று, அதன் கைப்பிடியில் காயப்போட்ட துண்டு, இஸ்திரி மேசை, அட்டைப் பெட்டிகள். நான் படுத்தது ஹாலில், இழுத்தால் கட்டிலாகிற சோபாவில். தம்பி மனைவி தலையணை உறையைத் தினமும் மாற்றினாள். "வசதியா இருக்கா அண்ணி?" என்று படுக்கப் போகும்முன் கேட்பாள். ஒருவரும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் குறை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தம்பி யாரிடமோ போனில் சொன்னான்: "இந்த வாரம் முடியாது, வீட்ல கெஸ்ட் இருக்காங்க." ஹாலில் நான் மட்டும்தான் இருந்தேன். கெஸ்ட் என்றதைக்கூட மன்னிப்பேன். அந்த 'இருக்காங்க'தான் தாங்கவில்லை. பிறந்ததிலிருந்து அவன் எனக்கு மரியாதை கொடுத்ததே இல்லை.

இன்று சாயங்காலம் எனக்கு ரயில். கேட்பதென்றால் அதற்குள் கேட்டுவிட வேண்டும்.

கடற்கரையில் ஒரு தகரக் கொட்டகை. கம்பியில் ஈரமான லைஃப் ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கின. பெட்ரோல் வாசனை. அழைத்துப்போகிற கைடு ஒரு பெண். முப்பது வயது இருக்கும். மூக்கின் மேல் மட்டும் வெள்ளைக் களிம்பு, கத்திக் கத்தி உடைந்த குரல். என்னோடு ஒரு புதுமணத் தம்பதியும் வந்திருந்தார்கள்.

"அண்ணனும் அண்ணியும் ஒரு வண்டி. நீங்க தனியாக்கா?"

"தனியாத்தான்."

பார்த்த மாத்திரத்தில் அக்கா என்று கூப்பிட்டுவிட்டாள். தொழில் அப்படி. ஆனாலும் காதுக்குச் சுகமாக இருந்தது. எனக்கு ஆரஞ்சு ஜாக்கெட், தம்பதிக்கு மஞ்சள். கொக்கிகளை மாட்டிப் பட்டையை இறுக்கி, "மூச்சு விட முடியுதாக்கா?" என்றாள். எத்தனை வருடமாக நான் சுவருக்குப் பின்னால் நின்று, "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, இப்ப விடுங்க" என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் மூச்சை ஒருவர் விசாரித்தது இதுதான் முதல் தடவை.

கண்ணாடி பறக்காமல் இருக்க ஒரு நாடாவைத் தலைக்குப் பின்னால் கட்டிவிட்டாள். பிறகு பாடம்.

"வலது கையில இதுதான் ஆக்சிலரேட்டர். பயந்தா எல்லாரும் பட்டுனு விட்டுடுவாங்க. விட்டுட்டா வண்டி திரும்பாது, நேராவே போகும். திருப்பணும்னா கொஞ்சமாவது அழுத்திக்கிட்டே திருப்புங்க. இந்தச் சுருள் கயிறு ஒரு முனை வண்டியில, ஒரு முனை உங்க மணிக்கட்டுல. நீங்க விழுந்தா கயிறு கழண்டு வண்டி நின்னுடும். உங்கள விட்டுட்டு எங்கயும் போகாது. நீந்தி வந்து பின்பக்கமா ஏறிக்கலாம்."

"நீச்சல் தெரியாதும்மா."

"ஜாக்கெட்டுக்குத் தெரியும். நான் வேற இருக்கேன்ல." அவள் சிரிக்கவில்லை. "என் பின்னாடியே வாங்க, ரொம்ப ஒட்டாதீங்க. சத்தத்துல பேசினா கேக்காது. நான் அடிக்கடி திரும்பிப் பாத்து, இப்படித் தலைல கை வெப்பேன். நல்லா இருக்கீங்களான்னு அர்த்தம். நல்லா இருந்தா நீங்களும் தலைல கை வைங்க."

மணப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு வாய் சும்மா இருக்காது. "எங்க வீட்ல தலைல கை வெச்சா குடி முழுகிப்போச்சுன்னு அர்த்தம்மா."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. தண்ணியில வேறக்கா. தூரத்துல இருந்து பாத்தா இதுதான் தெளிவாத் தெரியும்."

"முழுகித்தான் போகுதுன்னா?"

"ரெண்டு கையையும் மேல தூக்கி, இப்படிப் பெருசா ஆட்டுங்க. எங்க இருந்தாலும் வந்துடுவேன்."

தம்பி கார் பக்கம் நின்றிருந்தான். காதில் போன். என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டான்.

மிதவைகள் வரை மெதுவாகத்தான் போக வேண்டும். இவ்வளவுதானா என்று நினைத்தேன். மிதவைகளைத் தாண்டியதும் கைடு சீறிக்கொண்டு போனாள். நானும் அழுத்தினேன். முதல் அலையில் வண்டி தூக்கிப் போட்டது. என்னையறியாமல் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். விடச் சொல்ல ஆளில்லாததால் நெஞ்சு வெடிக்கிறவரை பிடித்தபடியே போய்க்கொண்டிருந்தேன். உப்புத் தண்ணீர் முகத்தில் அறைந்தது. தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும்போல வலித்தது.

கொஞ்ச நேரத்தில் வண்டி கைக்குப் பழகிவிட்டது. அலை வரும்போது லேசாக எழுந்து கொடுத்தால் இடுப்பு தப்பிக்கிறது என்று கண்டுகொண்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்திருந்தது. வாய்விட்டுக் கத்தினேன். கத்திவிட்டு, பார்த்தியா என்று சொல்லத் தலையைத் திருப்பினேன். பின்னால் நீளமான காலி சீட். இன்னும் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

கைடு சொன்னபடியே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தலையில் கை வைத்தாள். நானும் வைத்தேன். இந்த ஒரு வாரத்தில் என்னை இத்தனை முறை திரும்பிப் பார்த்த ஒரே ஆள் அவள்தான். அது அவள் வேலை என்று எனக்கும் தெரியும். தெரிந்தும், அவள் எப்போது திரும்புவாள் என்று காத்திருந்தேன்.

ஒரு பெரிய வளைவில் கரை கண்ணில் பட்டது. தம்பி பார்க்கிறானா என்று ஆசை வந்தது. மனிதர்கள் மிளகளவில் தெரிந்தார்கள். அதில் அவனுடைய நீலச் சட்டையைத் தேடி, கண்ணாடியைத் துடைக்கக் கயிறு கட்டிய கையைச் சட்டென்று உயர்த்தினேன். சுருள் கயிறு இழுபட்டுக் கழன்றது. மோட்டார் அணைந்தது.

அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. வண்டியின் அடியில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும். பொத்தானை அழுத்தினேன். அசையவில்லை. கயிற்றை மாட்டினால்தான் கிளம்பும் என்பது அந்த நேரத்தில் மண்டைக்கு எட்டவில்லை. போச்சு என்று நினைத்தேன். பிறந்ததிலிருந்து பழகின கை, தானாகத் தலைக்குப் போய் உட்கார்ந்தது.

தூரத்தில் கைடு திரும்பிப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். சந்தோஷமாகத் தன் தலையிலும் கை வைத்துக் காட்டிவிட்டு, தம்பதியைப் போட்டோ எடுக்கப் போய்விட்டாள்.

கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் தம்பி போன் செய்து, "நல்லா இருக்கியாக்கா?" என்பான். "எனக்கென்ன, ஜம்முன்னு இருக்கேன்" என்பேன். காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோதும் அதே ஜம்முதான். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் பேச்சுக் குரல் கேட்க வேண்டும் என்பதற்காகவே டிவியைப் போட்டுவிட்டு, சமையலறையில் நின்று சாப்பிடுவேன். அடுத்த மாதத்திலிருந்து மூச்சை இழுங்க என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. எனக்குப் பயமாக இருந்தது. கடலைப் பார்த்து இல்லை. அந்த டிவியை நினைத்து.

பிறகுதான் ஞாபகம் வந்தது. இரண்டு கையையும் தூக்கினேன். முதலில் வெட்கமாக இருந்தது, பாதியில் நிறுத்தினேன். மறுபடி தூக்கிப் பெரிதாக ஆட்டினேன். அடுத்த நொடி கைடின் வண்டி என் பக்கம் திரும்பியது. அலையைக் கிழித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"முதல்லயே ஆட்டியிருக்கலாம்லக்கா. தலைல கை வெச்சீங்களா, சும்மா நின்னு வேடிக்க பாக்கறீங்கன்னு நெனச்சேன்."

"பழக்க தோஷம்மா."

அவள் கயிற்றை மாட்டினாள். வண்டி உறுமியது. இவ்வளவு சுலபமா என்று இருந்தது. கையைத் தூக்கினால் வருவார்கள். இன்றைக்குக் கேட்டே விடுவது என்று முடிவு செய்துகொண்டு கரைக்குத் திரும்பினேன்.

தம்பி துண்டோடு நின்றிருந்தான். அந்தத் துண்டைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. மணலில் நடந்து அவனிடம் போனேன்.

"பாத்தியாடா?"

"பாத்தேனே. பின்னிட்ட போ. பின்னாடி உக்காந்திருந்தது கைடுதானே? மஞ்ச ஜாக்கெட்ல ரெண்டு பேரும் செம ஸ்பீடு."

என் ஆரஞ்சு ஜாக்கெட்டை இன்னும் கழற்றவில்லை. அதை அவனும் பார்த்துக்கொண்டுதான் பேசினான்.

"ஆமா, கைடுதான்" என்றேன்.

காரில் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்ததும் கை மறுபடி தலைக்குப் போயிற்று. அவன் பதறிவிட்டான்.

"என்னக்கா, தலைல கை வெச்சிட்டு உக்காந்துட்ட?"

"நல்லா இருக்கேன்னு அர்த்தம்டா. தண்ணியில அப்படித்தானாம். நல்லா இருக்கியான்னு கேக்கறதுக்கும் அதேதான்."

"நல்ல சிக்னல் போ" என்று சிரித்தான். தானும் ஒரு கையைத் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த டிராஃபிக் லைட் வரை ஓட்டினான். சிறு வயதில் அவன் சிரித்த அதே சிரிப்பு. இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தேன்.

"அடுத்த மாசம் எனக்கு..."

"தெரியும்க்கா, ரிட்டயர்மென்ட். இனிமே ஜாலிதான் உனக்கு. வருஷத்துக்கு ஒரு தடவ கண்டிப்பா வந்துட்டுப் போ. லீவு கேக்க வேணாம், ஒண்ணும் வேணாம்."

வந்துடு என்று சொன்ன வாய் அதுதான். இப்போது வந்துட்டுப் போ என்கிறது. நடுவில் ஒரு 'போ' எப்போது வந்து சேர்ந்தது என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"உன்னப் பத்தி எனக்குக் கவலையே இல்லக்கா" என்றான், உண்மையான பெருமையோடு. "உன்ன எங்க கொண்டுபோய் விட்டாலும் சமாளிச்சுப்ப."

"எனக்கென்ன" என்றேன். அது தானாக வந்தது.

சாயங்காலம் ரயில் நிலையத்தில் என் பெட்டியை அவன்தான் தூக்கி வந்தான். சீட்டுக்குக் கீழே தள்ளி, தண்ணீர் பாட்டில் வாங்கி வைத்து, இறங்கி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். ஏசி பெட்டி, திறக்காத கண்ணாடி. அவன் ஏதோ சொன்னான், கேட்கவில்லை. நான் காதைக் காட்டிக் கேட்கவில்லை என்றேன். போன் அவன் பையில்தான் இருந்தது. அதை எடுக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, புருவத்தை உயர்த்தி, தலையில் கை வைத்தான்.

நல்லா இருக்கியாக்கா என்று கேட்கிறான். விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் கண்ணை எடுக்காமல் என் பதிலுக்காகக் காத்திருந்தான்.

என் கை பழக்கத்தில் தலைக்குப் போகப் பார்த்தது. போகவிடவில்லை. எதிர் சீட்டுக்காரர் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கிப் பெரிதாக ஆட்டினேன்.

தம்பியின் முகம் மலர்ந்தது. அவனும் இரண்டு கையையும் தூக்கி, அதே மாதிரி பெரிதாக ஆட்டினான். ரயில் நகர்ந்தது. கூடவே நாலு எட்டு நடந்துகொண்டே டாட்டா காட்டினான். அந்த இன்னொரு சிக்னலை நான் அவனுக்குச் சொல்லியே தரவில்லை.