யானைக்குப் பழகிய பெட்டி

செல்லதுரையை அடக்கம் செய்த மறுநாள், இந்துமதி லேப்டாப்போடு எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லைனுக்கு வந்தாள். யானை வந்தால் சைரன் அடிக்கும் பெட்டிகளைக் கூடலூர்ப் பக்கத்து அந்த லைனைச் சுற்றிலும் மரங்களில் கட்டியவள் அவள்தான். உள்ளே இருப்பது மூளை வேலை செய்யும் விதத்தைப் பார்த்துச் செய்த சிப். கேட்கக் கேட்கத் தானே கற்றுக்கொள்ளும்; சின்ன பேட்டரியிலேயே வருஷக்கணக்கில் ஓடும். ஆனால் செல்லதுரை வேலைக்குக் கிளம்பிய அந்த விடியற்காலையில், அவரைக் கொன்ற கொம்பன் யானை பெட்டிக்குக் கீழேயே நடந்து வந்தும் சைரன் அடிக்கவில்லை.

பேட்டரி நன்றாகவே இருந்தது. அவள் பெட்டியின் பதிவுகளை லேப்டாப்பில் திறந்து பார்த்தாள். பலா பழுத்ததிலிருந்து அந்தக் கொம்பன் தினமும் அதே வழியில் வந்து, யாரையும் தொடாமல் போயிருக்கிறது. ஓயாமல் கேட்கும் சத்தத்தை நம் மூளை ஒதுக்குவதுபோல, சிப்பும் அந்தக் காலடியை ஒதுக்கிவிட்டது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அப்படி அமைத்தவள் அவளேதான்.

"பெட்டிக்குள்ள மழைத் தண்ணி இறங்கிடுச்சுன்னு சொல்லிட்டு வந்துருங்க" என்றார் அவளுடைய மேலதிகாரி போனில்.

அவள் செல்லதுரையின் மனைவி ஜெஸிந்தாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

ஜெஸிந்தா கேட்டாள்: "முன்னெல்லாம் யானை நிக்குதான்னு தகரத்தத் தட்டிப் பாத்துட்டுத்தானுங்க வெளிய போவாரு. சத்தம் வரலைன்னா யானை இல்லைன்னு நீங்கதானுங்களே மேடம் சொன்னீங்க?"

இந்துமதி வெளியே போய் ஏணியைச் சாய்த்து, ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றினாள். லைன் ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை, ஏணியைப் பிடிக்கவும் யாரும் வரவில்லை.