மனோகரன் சொன்ன ஐந்து பேர்

ஜூலை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நான்கு பேரும் கல்லூரி பாஸ்கெட்பால் கோர்ட்டின் கேலரியில் கூடுவோம். யாரும் எங்களைக் கூப்பிட்டதில்லை. ரேணுகாவைத் தவிர நாங்கள் யாரும் அந்தக் கல்லூரியில் படித்தவர்களும் இல்லை. ஆனாலும் வரப்போகும் சீசனில் இறங்க வேண்டிய முதல் ஐந்து பேர் யார் என்பதை முடிவு செய்யாமல் எழுந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகு கோச் தன் இஷ்டத்துக்கு வேறு ஐந்து பேரை இறக்குவார். அது அவருடைய அறியாமை.

என் பெயர் சம்பத். ஆவடி டிஃபென்ஸ் ஃபேக்டரியில் முப்பது வருஷமாக ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் எனக்குக் கோபக்காரன் என்று பெயர். ரெஃபரியைத் திட்டியதற்காக இரண்டு தடவை என்னை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு தடவையும் தப்பு ரெஃபரி மேல்தான்.

யூசுப் வெள்ளானூர் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். எங்களில் அவன்தான் சின்னவன், வாய் மட்டும் பெரியது. ரேணுகா அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே கல்லூரியின் பெண்கள் அணிக்குக் கேப்டன். ஆட்டம் உண்மையாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மனோகரன் மின்சார ரயில்களைப் பழுது பார்க்கும் அண்ணனூர் கார் ஷெட்டில் வேலை பார்க்கிறார். போன ஜூலையில் அவர் மகன் விக்ரம்தான் எங்கள் டீமின் போஸ்ட், கூடைக்கு அடியில் நின்று ஆடுபவன். ஆறடி நாலு அங்குலம், கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொருவரும் எழுந்து நின்று ஐந்து பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லும்போது மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. நான்கு பேரும் சொல்லி முடித்த பிறகுதான் சண்டை. இந்தச் சட்டம் என்னால்தான் வந்தது. ஒரு வருஷம் யூசுப் மூன்றாவது பேரைச் சொல்வதற்குள் நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

போன வருஷம் நாங்கள் கூடிய அன்றைக்கு வானம் மூடிக்கொண்டிருந்தது. கீழே பையன்கள் ஒவ்வொருவராக வந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்கள். பையன்கள் மாஸ்டர் என்று கூப்பிடும் கோச் இன்னும் வரவில்லை. விக்ரம் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். நானும் யூசுப்பும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினோம். மனோகரன் ஆட்டவில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தவர், தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பேர் சொல்வதற்கு முன்னால் பொதுவாகக் கொஞ்சம் பேசுவோம். அந்த வருஷம் பேச்சு கவலையாகவே ஆரம்பித்தது. செமி ஃபைனலில் இரண்டே பாயிண்டில் தோற்ற டீம். பந்தைக் கொண்டுபோகிற பையனும், வெளியே இருந்து போடுகிற இரண்டு பேரும் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். புதிதாக வந்த ஃபர்ஸ்ட் இயர் பையன்கள் பந்தைவிடத் தலைமுடியை அதிகமாகக் கவனிக்கிறார்கள் என்று நான் சொன்னேன்.

"இன்னா அண்ணாத்தே நீ, காலங்காத்தால மூஞ்ச தூக்கி வச்சிகினு. அதான் நம்ம விக்ரம் கீறான்ல? உள்ள பந்து போனா பாயிண்ட்டு. வெளிய வந்தா ரீபவுண்டு. அப்பால இன்னா கவலை?" என்றான் யூசுப்.

"ஒரு ஆளை நம்பி ஒரு சீசன் ஓட்ட முடியாது" என்றாள் ரேணுகா.

"அவன் ஒரு ஆளா? குளுக்கோஸ் மேட்ச்ச மறந்துட்டியா டீச்சர்?"

அதை யாரும் மறக்கவில்லை. மறக்க நான் விட்டதில்லை. மார்ச் மாதத்தில் நடந்த குவார்ட்டர் ஃபைனல் அது. மூன்றாவது குவார்ட்டரில் விக்ரம் ரீபவுண்டுக்கு எம்பி, இறங்கியதும் நின்ற இடத்திலேயே சரிந்தான். யாரும் அவனை இடிக்கவில்லை. நான்தான் கேலரியிலிருந்து குதித்து ஓடினேன். என் பையில் எப்போதும் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கும். தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். கண் திறந்தான். "ஒண்ணும் இல்லடா, வெயிலு. சாப்பிடாம வந்திருப்ப. எழுந்திரு, நீ போனா டீம் போச்சு" என்று தோளைத் தட்டினேன். ரேணுகா மட்டும், உட்கார வையுங்கள் என்று கத்தினாள். நான் கேட்கவில்லை. கோச்சும் கேட்கவில்லை. கடைசி ஆறு நிமிஷத்தில் அவன் பதினோரு பாயிண்ட் போட்டான். மூன்று பாயிண்டில் ஜெயித்தோம்.

அந்தக் கதையை நாங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்போம் என்று கணக்கே இல்லை. டீக்கடையில் சொல்லியிருக்கிறோம், ஃபேக்டரி கேன்டீனில் சொல்லியிருக்கிறேன், என் மச்சினன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகூடச் சொன்னேன். அன்றைக்கும் யூசுப் ஆரம்பித்தான். விக்ரம் விழுந்த மாதிரி விழுந்து காட்டினான், நான் ஓடின மாதிரி ஓடிக் காட்டினான். நான் சிரித்தேன். மனோகரன் கோர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பேர் சொல்ல ஆரம்பித்தோம். யூசுப் எழுந்து விக்ரம் பேரை முதலில் சொன்னான். ரேணுகா நன்றாக யோசித்து, தினேஷைப் பந்து கொண்டுபோக வைத்து, விக்ரமை நடுவில் வைத்துச் சொன்னாள். நான் சொன்னதிலும் விக்ரம். கடைசியில் எப்போதும் மனோகரன்தான். அதற்கு முந்தின இரண்டு வருஷமும் அவர் நாலு பேரைச் சொல்லிவிட்டு, கூச்சப்பட்டுக்கொண்டு, "அப்புறம் நம்ம பையன்" என்று முடித்திருந்தார்.

அவர் எழுந்து நின்றார். "தினேஷ். ஆல்வின். லோகநாதன். அந்தப் புதுப் பையன் இம்ரான்." நிறுத்தினார். "போஸ்ட்ல கிரிதரன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கிரிதரன் இரண்டு வருஷமாகப் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்கும் பையன். யூசுப் சிரித்தான். கண் பட்டுவிடும் என்று சொல்லாமல் விடுகிறார் என்று அவன் நினைத்தான். எனக்குக் கோபம் வந்தது.

"என்ன மனோகரா, விளையாடுறியா? பெத்த புள்ள பேரைச் சொல்ல என்ன வெக்கம்? கிரிதரனாம்! அவன் எம்பினா ஒரு நியூஸ்பேப்பர் கூட அடியில போகாது."

"அவன் ஆடக்கூடாது சம்பத்து" என்றார் மனோகரன்.

"யாரு, கிரிதரனா?"

"எம்புள்ள."

அதற்கப்புறம் அவர் நிறுத்தாமல் பேசினார். பத்து நாளைக்கு முன்னால் விக்ரம் வீட்டு மாடிப்படியில் ஏறும்போது நெஞ்சு படபடக்கிறது என்று உட்கார்ந்துவிட்டான். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் சதை ஒரு பக்கம் தடித்திருக்கிறது, பிறவியிலேயே வருவது என்றார் டாக்டர். நடக்கலாம், வேலைக்குப் போகலாம், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கலாம். இப்படி ஓடி ஆட மட்டும் கூடாது. ஆடினால் கோர்ட்டிலேயே இதயம் நின்றுவிடலாம்.

"முன்னாடி எப்பயாச்சும் மயக்கம் போட்டானான்னு கேட்டாரு. மார்ச்சுல ஒரு மேட்ச்சுலன்னு சொன்னேன். அப்பவே கூட்டினு வந்திருக்கணும், அன்னிக்கு அவன் எழுந்ததே பெரிய விஷயம்னாரு."

சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை முழுக்க அவன் சாவுக்குப் பக்கத்தில் போய் வந்த கதை. அவனைத் தட்டி எழுப்பித் திரும்ப அனுப்பியவன் நான்.

ரேணுகாதான் முதலில் கேட்டாள். "அப்புறம் ஏன் சார் ஷூ மாட்டிக்கிட்டு நிக்கிறான்?"

"செப்டம்பர்ல ரயில்வே ட்ரையல்ஸ் வருது டீச்சர். ஸ்போர்ட்ஸ் கோட்டா. அது வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாதுன்றான். மாஸ்டர் கிட்ட சொல்ல மாட்டேன்னு அவங்கம்மா சுதா தலையில என் கைய வச்சி சத்தியம் வாங்கிட்டான். சுதா அழுவுறா, அவளும் அவன் பக்கந்தான் பேசுறா. மூணு மாசந்தானே, வேலை கெடச்சிடும்ன்றா." மனோகரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாஸ்டர் கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் சத்தியம். உங்க கிட்ட சொல்லக் கூடாதுன்னு கேக்கல."

அப்போதுதான் அவர் எதற்காக வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"வேற டாக்டர் ஒருத்தர பாக்கலாம் மாமே" என்றான் யூசுப். அவன் குரலே அடங்கிப் போயிருந்தது.

"ரெண்டு பேர பாத்தாச்சுப்பா."

இந்த இடத்தில் நான் சொன்னதையும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் நான் யோக்கியன் மாதிரித் தெரிவேன். "லீக்ல நாலு மேட்ச்தானே மனோகரா. பாதிப் பாதி ஆடினா? ஒரு குவார்ட்டர் ஆடிட்டு உக்காந்தா?" என்று கேட்டேன். எனக்குக் கப் வேண்டியிருந்தது. ஒரு அப்பா தன் மகன் செத்துப்போவான் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது என் மனசு நாலு மேட்ச்சை எண்ணிக்கொண்டிருந்தது.

மனோகரன் கோபப்படவில்லை. "நீயும் அவன மாதிரியே பேசுற சம்பத்து. அவனும் பாதிப் பாதி ஆடுறேன்னுதான் சொல்றான்" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி, சண்டை போட்டு, எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் திட்டாததால் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

கீழே கோச் வந்துவிட்டார். விசில் ஊதினார். பையன்கள் கோட்டில் வரிசையாக நின்றார்கள். அது முதல் நாள் ஓட்டம்; கோர்ட்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மூச்சு முட்டுகிற வரைக்கும் ஓட விடுவார். விக்ரம் வரிசையில் கடைசி ஆளாக நின்று குனிந்து ஷூ லேஸை இறுக்கினான். ரேணுகா எழுந்தாள்.

"நீ உக்காரு. இது நான் சொல்ல வேண்டியது" என்று நான் இறங்கினேன்.

முதலில் விக்ரமிடம்தான் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து கேலரியைப் பார்த்தான். மனோகரன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அங்கிள், வேணாம்" என்றான்.

"வாடா, நீயே மாஸ்டர் கிட்ட சொல்லு. நான் கூட நிக்கிறேன்."

"செப்டம்பர் வரைக்கும் அங்கிள். நான் பாத்துக்கினே ஆடுறேன். என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

"அன்னிக்கு உனக்கும் தெரியலடா, எனக்கும் தெரியல."

இருபது வயசு, ஆறடி நாலு அங்குலம், கண் முழுக்கத் தண்ணீர். "அன்னிக்கு எழுந்து ஆடுன்னு நீங்கதானே சொன்னீங்க. ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க. இப்ப மட்டும் இன்னா வந்துச்சு? இத விட்டா எனக்கு இன்னா அங்கிள் கீது?"

அவன் என் கையைப் பிடித்தான். நான் கையை விடுவித்துக்கொண்டு கோச்சிடம் நடந்து, மார்ச் மாதத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கோச்சின் விசில் அவர் வாயிலிருந்து நழுவிக் கயிற்றில் தொங்கியது. அவர் விக்ரமைப் பக்கத்தில் கூப்பிட்டு, தோளில் கையைப் போட்டுக்கொண்டு பெஞ்சுக்கு அழைத்துப் போனார். மற்ற பையன்கள் ஓடாமல் அப்படியே நின்றிருந்தார்கள்.

போகும்போது விக்ரம் திரும்பி என்னைப் பார்த்தான். நான் திட்டிய ரெஃபரிகள் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அந்த சீசனில் இரண்டாவது சுற்றிலேயே தோற்றோம். கிரிதரன் தன்னால் முடிந்ததைச் செய்தான், பாவம். ரயில்வே ட்ரையல்ஸுக்கு விக்ரம் போகவில்லை. படிப்பை மட்டும் எப்படியோ முடித்துவிட்டு, செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு பெரிய குடோனில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலைக்குப் போகிறான். சுதா என்னை மார்க்கெட்டில் பார்த்தால் ஒரு வார்த்தை பேசுவாள். விக்ரம் பேசுவதில்லை. ஒரு தடவை அண்ணனூர் ஸ்டேஷனில் எதிரே வந்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். காதில் விழாத மாதிரி என்னைத் தாண்டிப் போய்விட்டான். எனக்கு வலித்தது. பொய் சொல்வானேன், ரொம்ப வலித்தது. பிளாட்ஃபார பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு ரயிலை விட்டேன்.

இந்த ஜூலையிலும் நாங்கள் கூடினோம். மனோகரன் வரமாட்டார் என்று யூசுப் சொன்னான். ஆனால் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். பேர் சொல்வதற்கு முன்னால் அவரிடம் விக்ரம் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"மாத்திரை ஒழுங்கா போடுறான். போன வாரங்கூட செக்கப்பு, நல்லாக் கீறான்னு டாக்டர் சொன்னாரு." துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "உம்மேலதான் இன்னும் கோவம் போகல சம்பத்து. உம் பேர எடுத்தாலே எழுந்து போயிடுறான். நான் சொல்லிப் பாக்குறேன், கேக்க மாட்டேன்றான்."

"சொல்லாத மனோகரா" என்றேன். "அவனுக்கு அறுபது வயசு ஆகுற வரைக்கும் எம்மேல கோவமாவே இருக்கட்டும்."